'தி' எங்கே இருக்கிறது? இத்தாலிய ஒயின் லேபிளை வாசிக்க ஒரு வழிகாட்டி

இத்தாலியில் ஒயின் கடைக்கு எனொதேக்கா என்று பெயர். அப்படி ஒரு கடைக்குள் முதன்முறை நுழைகிறவர் சற்றே திகைத்துத்தான் நிற்பார். கூரை வரை பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஏழெட்டுச் சொற்கள். அவற்றில் எது ஊர், எது திராட்சை, எது தயாரித்தவரின் பெயர், எது சுவையைச் சொல்கிறது என்று பிரிக்கத் தெரியாது. கடைசியில் விலையையும் லேபிளின் அழகையும் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். நானும் ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் தெரிந்தது, அந்தச் சொற்களில் பெரும்பாலானவை சட்டம் அளந்து கொடுத்த சொற்கள். தயாரிப்பவர் இஷ்டத்துக்கு எழுத முடியாது. நாற்பது சொல் தெரிந்தால் போதும், எந்த அலமாரி முன்னாலும் நிற்கலாம். அவற்றைக் கற்கும் வரிசை முக்கியம். சுவைச் சொற்களில் தொடங்கினால் குழப்பம்தான். தபால் உறையில் விலாசம் படிப்பதுபோல, முதலில் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள்

இந்த விஷயத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்கு நிஜமாகவே ஒரு வசதி இருக்கிறது. இத்தாலியத்தில் இரட்டை மெய் வந்தால் அழுத்தி, நிறுத்தி உச்சரிக்க வேண்டும். ரொஸ்ஸோ என்றால் சிவப்பு, செக்கோ என்றால் இனிப்பில்லாதது. பல மொழிக்காரர்கள் இந்த இரட்டிப்பைப் பழகத் திணறுகிறார்கள். பக்கம், பட்டம், அப்பா என்று பேசி வளர்ந்த நாக்குக்கு அது தானாகவே வரும். சொற்கள் பெரும்பாலும் உயிர் ஒலியில் முடியும் என்பதும் நமக்குப் பழக்கமானதே.

லேபிளில் 'ஜி', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து வந்தால் அது நம்முடைய 'ஞ்ஞ'. திராட்சைத் தோட்டத்துக்கு வீஞ்ஞா என்று பெயர். 'சி'யும் 'ஹெச்'சும் சேர்ந்தால் 'க்', ஆகவே 'சியாண்டி' என்று படிக்கத் தோன்றும் பெயர் உண்மையில் கியான்த்தி. ஆனால் 'சி'க்குப் பின்னால் நேராக 'இ', 'எ' ஒலி வந்தால் 'ச்ச'. தோல்ச்சே (இனிப்பு) அப்படிப்பட்ட சொல். 'எஸ்', 'சி' சேர்ந்து அதே ஒலிகளுக்கு முன் வந்தால் 'ஷ'. இரட்டை 'இசட்' வந்தால் 'ட்ஸ' அல்லது அதற்கு நெருங்கிய ஒலி. 'டி' என்ற எழுத்து எப்போதும் நாக்கு பல்லைத் தொடுகிற 'த' தான், 'ட' கிடையாது.

நம் எழுத்தில் ஒரே ஒரு இடைஞ்சல், ஒலி தடிப்பா மெலிவா என்பது தெரியாது. ஆகவே நினைவில் வையுங்கள்: பரோலோ என்ற ஒயின் பெயரின் 'ப', பலம் என்கிற சொல்லின் 'ப'. தோல்ச்சேயின் 'தோ', தோசையின் 'தோ'. அடுத்து வரப்போகிற 'தி', தினம் என்பதில் உள்ள 'தி'.

'தி' என்கிற சின்னச் சொல்லைத் தேடுங்கள்

நாம் 'மதுரை மல்லி' என்கிறோம். ஊர் முன்னால், பொருள் பின்னால். இத்தாலியத்தில் இது திரும்பி நிற்கும், 'மல்லி, மதுரையினுடையது' என்பதுபோல. அந்த 'உடைய' என்ற பொருளைத் தருவதுதான் 'தி'. அடுத்து வரும் சொல்லைப் பொறுத்து அது தெல், தெல்லா, தேய் என்று மாறும். உயிரெழுத்துக்கு முன்னால் சுருங்கி வெறும் 'த்' ஆகி ஒட்டிக்கொள்ளும். ஆல்பா என்ற ஊரின் பார்பேரா திராட்சை ஒயின், பார்பேரா தால்பா. ஆஸ்தி ஊரினுடையது பார்பேரா தாஸ்தி.

ஆக, லேபிளில் 'தி' எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதன் பின்னால் வருவது ஏறக்குறைய எப்போதும் ஓர் இடம்: ஊர், மலை, அல்லது மாநிலம். முன்னால் வருவது பெரும்பாலும் திராட்சை ரகத்தின் பெயர். வெர்மென்தீனோ தி கல்லூரா என்றால், சார்தீனியத் தீவின் வடக்கில் உள்ள கல்லூரா பகுதியில் விளைந்த வெர்மென்தீனோ. அலியானிக்கோ தெல் வூல்தூரே என்றால் வூல்தூரே எரிமலைச் சரிவில் விளைந்த அலியானிக்கோ.

சில சமயம் முன்னால் நிறம் மட்டும் இருக்கும். ரொஸ்ஸோ தி மோன்தால்ச்சீனோ என்றால் 'மோன்தால்ச்சீனோ ஊரின் சிவப்பு', அவ்வளவுதான்.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது இடறி விழும் இடம் மோன்த்தேபுல்ச்சானோ. கடையில் இரண்டு பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் மோன்த்தேபுல்ச்சானோ தப்ருட்ஸோ என்றும், இன்னொன்றில் வீனோ நோபிலே தி மோன்த்தேபுல்ச்சானோ என்றும் எழுதியிருக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரே ஒயினின் இரண்டு தரம் என்று நினைத்துவிடுவோம். இப்போது 'தி'யைத் தேடுங்கள். முதல் பாட்டிலில் மோன்த்தேபுல்ச்சானோ 'தி'க்கு முன்னால் நிற்கிறது, எனவே அது திராட்சை ரகம். விளைந்த இடம் அட்ரியாட்டிக் கடலை ஒட்டிய அப்ருட்ஸோ மாநிலம். இரண்டாவதில் அது 'தி'க்குப் பின்னால் நிற்கிறது, எனவே அது ஊர். தோஸ்கானா மாநிலத்தில், சியேனாவுக்குத் தெற்கே ஒரு குன்றின் மேல் இருக்கிறது. அந்த ஒயின் செய்வது சாஞ்ஜோவேஸே என்ற வேறு திராட்சையில். உள்ளூரில் அதற்கு ப்ருஞ்ஞோலோ ஜென்தீலே என்று பெயர். இரண்டு ஒயின்களுக்கும் பெயரைத் தவிர உறவு எதுவும் கிடையாது. எது வேண்டும் என்று தெரியாமல் வாங்கினால் ருசியும் வேறு, விலையும் வேறு.

இந்த விதிக்கு ஒரு விலக்கு சொல்லிவிடுகிறேன். நேரோ தாவொலா என்பதில் ஆவொலா என்பது சிசிலியில் உள்ள ஊர்தான். ஆனால் முழுப் பெயருமே இப்போது திராட்சை ரகத்தின் பெயராகிவிட்டது, சிசிலி முழுக்க விளைகிறது.

சரி, 'தி'யே இல்லாவிட்டால்? அங்கேதான் பெரிய பெயர்கள் நிற்கின்றன. பரோலோ, பார்பரெஸ்கோ, கியான்த்தி, சொவாவே, வல்பொலிச்செல்லா எல்லாம் இடப்பெயர்கள். என்ன திராட்சை என்று லேபிளில் பெரும்பாலும் இருக்காது. உள்ளூர்க்காரருக்குத் தெரியும் என்பதால் எழுதும் பழக்கம் வரவில்லை. எனவே இந்தச் சில ஜோடிகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. பரோலோவும் பார்பரெஸ்கோவும் நெப்பியோலோ திராட்சை. கியான்த்தியில் முக்கியமாக சாஞ்ஜோவேஸே. சொவாவே என்றால் கர்கானெகா. வல்பொலிச்செல்லாவில் தலைமை வகிப்பது கொர்வீனா. எத்னா எரிமலையின் சிவப்பு ஒயினில் நெரெல்லோ மஸ்காலேஸே. நேப்பிள்ஸுக்குக் கிழக்கே உள்ள தவுராஸியில் அலியானிக்கோ. இந்த ஆறைக் கொண்டே வெகுதூரம் போகலாம்.

பெயரின் பொருளை வைத்துச் சுவையை ஊகிக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தோல்ச்செத்தோ என்றால் 'குட்டி இனிப்பு'. அந்த ஒயினில் இனிப்பு இருக்காது, இனிப்பில்லாத சிவப்பு அது.

கழுத்தில் உள்ள காகிதப் பட்டை

ஊரைக் கண்டுபிடித்தாயிற்று. அந்த ஊர்ப் பெயருக்குச் சட்டம் எவ்வளவு காவல் வைத்திருக்கிறது என்பது அடுத்தது. நான்கு படிகள் உண்டு.

அடியில் இருப்பது வெறும் வீனோ. முன்பு இதற்கு வீனோ தா தாவொலா, அதாவது சாப்பாட்டு மேஜை ஒயின் என்று பெயர். அதற்கு மேலே ஐஜிடி, விரிந்த ஒரு பகுதியின் பெயரை மட்டும் சொல்லிக்கொள்ள உரிமை தருவது. அதற்கும் மேலே டிஓசி, 'கட்டுப்படுத்தப்பட்ட மூலப்பெயர்' என்பதன் இத்தாலியச் சுருக்கம். இதில் எல்லை, திராட்சை ரகம், ஒரு ஹெக்டேரில் எவ்வளவு விளைவிக்கலாம், எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் எல்லாம் எழுதி வைத்திருக்கும். அந்த விதிப் புத்தகத்துக்கு திஷிப்லினாரே என்று பெயர். உச்சியில் டிஓசிஜி. கடைசி 'ஜி' கரன்தீத்தா, உத்தரவாதம். இந்தப் பாட்டில்களின் கழுத்திலோ மூடியின் மேலோ வரிசை எண்ணோடு ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும், அரசு அச்சகத்தில் அச்சாகி வருவது. சில டிஓசி ஒயின்களிலும் அந்தப் பட்டையைப் பார்க்கலாம்.

டிஓசி முறைக்கான சட்டம் வந்தது 1963-ல். 1966-ல் வெர்னாச்சா தி சான் ஜிமிஞ்ஞானோ என்ற வெள்ளை ஒயின் முதன்முதலாக அந்தத் தகுதியைப் பெற்றது. டிஓசிஜி நடைமுறைக்கு வந்தது 1980-ல். முதலில் பெற்றவற்றில் பரோலோ, பார்பரெஸ்கோ, ப்ருனெல்லோ தி மோன்தால்ச்சீனோ மூன்றும் உண்டு. ஐஜிடி 1992 சட்டத்தில் வந்தது. அது ஏன் தேவைப்பட்டது என்பது நல்ல கதை.

தோஸ்கானா கடற்கரைப் பக்கம், பொல்கெரி என்ற இடத்தில், கபெர்னே திராட்சையில் ஸஸ்ஸிகாயா என்று ஒரு ஒயின் செய்தார்கள். விற்பனைக்கு வந்த முதல் அறுவடை 1968. அங்கே அப்போது சிவப்பு ஒயினுக்கு டிஓசி கிடையாது. அடுத்து, கியான்த்தி பகுதியிலேயே திஞ்ஞானெல்லோ என்ற ஒயின் 1971 அறுவடையிலிருந்து கியான்த்தி என்ற பெயரை விட்டு விலகித் தன் வழியில் போனது. உலகம் முழுக்கப் புகழ்பெற்ற, விலை உயர்ந்த இந்த ஒயின்கள் சட்டப்படி வெறும் மேஜை ஒயின்கள்! ஐஜிடி வந்த பிறகுதான் இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு மரியாதையான இடம் கிடைத்தது. பொல்கெரியின் சிவப்புக்கு 1994-ல் டிஓசி வந்தது. ஸஸ்ஸிகாயாவுக்கு இப்போது தனக்கென்றே ஒரு டிஓசி இருக்கிறது.

ஆகவே படி உயர்ந்தால் ருசியும் உயரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிஓசிஜி பட்டை சொல்வது, 'இது இன்ன இடத்தில் இன்ன விதிப்படி செய்தது' என்பதை மட்டுமே. நல்ல கைகள் செய்த ஐஜிடி, ஏனோதானோ என்று செய்த டிஓசிஜியை எளிதாக வெல்லும். புதியவர்கள் பட்டையைப் பார்த்தே பணத்தைக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

டிஓபி என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சொல், டிஓசியும் டிஓசிஜியும் அதற்குள் அடங்கும். ஐஜிபி என்பது ஐஜிடியின் ஐரோப்பியப் பெயர்.

கிளாஸ்ஸிக்கோ, சுபெரியோரே, ரிஸேர்வா

இந்த மூன்றும் 'தரமானது' என்று ஒரே பொருளில் எழுதப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விக்குப் பதில்.

கிளாஸ்ஸிக்கோ, 'எங்கே?' என்ற கேள்விக்குப் பதில். ஓர் ஒயினின் பெயர் பிரபலமானதும் அதன் எல்லை சுற்றுப்புறத்துக்கு விரியும். அப்போது பழைய, மூலப் பகுதியைப் பிரித்துக் காட்ட இந்தச் சொல் வந்தது. கியான்த்திதான் இதற்குச் சரியான உதாரணம். 1716-லேயே தோஸ்கானாவின் ஆட்சியாளர் மூன்றாம் கொஸிமோ தே மேதிச்சி கியான்த்தியின் எல்லையை ஆணை போட்டு வரையறுத்தார். இருபதாம் நூற்றாண்டில் கியான்த்தி என்ற பெயர் சுற்றியிருந்த குன்றுகளுக்கெல்லாம் பரவியது. ஃபிரென்ஸே (ஃப்ளாரன்ஸ்) நகருக்கும் சியேனாவுக்கும் நடுவே உள்ள பழைய பகுதி கியான்த்தி கிளாஸ்ஸிக்கோ ஆனது. இன்று அது தனி டிஓசிஜி. கறுப்புச் சேவல் முத்திரை அதற்கு மட்டுமே உரியது, வெறும் கியான்த்தியில் சேவல் இருக்காது. கிளாஸ்ஸிக்கோவில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்ஜோவேஸே இருக்க வேண்டும், வெறும் கியான்த்தியில் 70 போதும்.

சுபெரியோரே, 'எவ்வளவு செறிவு?' என்பதற்குப் பதில். பொதுவாக ஆல்கஹால் அரை சதவீதமோ அதற்கு மேலோ கூடுதல், பழம் இன்னும் முற்றியது. சில ஊர்களில் வைத்திருக்கும் காலமும் கூடும். பார்பேரா தாஸ்தி சுபெரியோரே என்றால் குறைந்தது 14 மாதம், அதில் 6 மாதம் மரப் பீப்பாயில்.

ரிஸேர்வா, 'எவ்வளவு காலம்?' என்பதற்குப் பதில். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு கிடையாது. கியான்த்தி கிளாஸ்ஸிக்கோ ரிஸேர்வாவுக்கு 24 மாதம். பரோலோவோ சாதாரணமாகவே 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். பரோலோ ரிஸேர்வா என்றால் 62 மாதம், ஐந்து வருடத்துக்கு மேல். ப்ருனெல்லோவை அறுவடைக்கு அப்புறம் ஐந்தாவது வருட ஜனவரிக்கு முன் விற்கவே கூடாது, ரிஸேர்வா என்றால் ஆறாவது. எனவே ஒரு ஊரின் ரிஸேர்வாவை இன்னொரு ஊரின் ரிஸேர்வாவோடு ஒப்பிடாதீர்கள். அதே ஊரின் சாதாரண ஒயினோடு ஒப்பிடுங்கள். அந்தச் சாதாரண ஒயினுக்கு அன்னாத்தா என்று பெயர், 'அந்த வருடத்தது' என்று பொருள். லேபிளில் உள்ள வருடத்தையும் அன்னாத்தா என்பார்கள், வென்தெம்மியா (அறுவடை) என்றும் எழுதியிருப்பார்கள். கியான்த்தி கிளாஸ்ஸிக்கோவில் ரிஸேர்வாவுக்கும் மேலே க்ரான் செலெட்ஸியோனே என்று ஒரு படி இருக்கிறது, 30 மாதம்.

இன்று இரவே குடிக்க வேண்டுமானால் என் யோசனை அன்னாத்தாதான். ரிஸேர்வாவில் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது காலம். அது எல்லா சாப்பாட்டுக்கும் தேவைப்படாது.

இனிப்பும் குமிழியும்

குமிழி இல்லாத ஒயினில் இனிப்பின் படிகள் நான்கு: செக்கோ (இனிப்பு இல்லை), அப்போக்காத்தோ (லேசாகத் தொட்டாற்போல), அமாபிலே (நன்றாகத் தெரியும் இனிப்பு), தோல்ச்சே (முழு இனிப்பு). எதுவும் எழுதாவிட்டால் பெரும்பாலும் செக்கோ.

குமிழியில் இரண்டு படிகள். ஃப்ரிட்ஸான்த்தே என்றால் மெல்லச் சீறுவது, ஸ்புமான்த்தே என்றால் நன்றாக நுரைப்பது. பாட்டிலுக்குள் அழுத்தம் முன்னதில் 2.5 பாருக்கு மேல் போகாது, பின்னதில் குறைந்தது 3 பார். அதனால்தான் ஸ்புமான்த்தேயின் கார்க்கைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குமிழியே இல்லாதது ஃபெர்மோ, 'நின்றுவிட்டது'.

அப்புறம் ஸ்புமான்த்தேயின் இனிப்புச் சொற்கள். இவை பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், ஏமாற்றக்கூடியவை. ஒருமுறை நண்பர் வீட்டுக்குப் பொரித்த மீன் சாப்பிடப் போகும்போது, இனிப்பே இல்லாத ப்ரோஸெக்கோ (நுரைக்கும் வெள்ளை ஒயின்) வேண்டும் என்று 'எக்ஸ்ட்ரா டிரை' எழுதியதாகத் தேடி வாங்கிப் போனேன். மூடி திறந்து குடித்ததும் இனிப்பு. வீட்டுக்கு வந்து விதியைத் தேடிப் படித்தேன். ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை. எக்ஸ்ட்ரா டிரை 12 முதல் 17 கிராம். டிரை என்பது 17 முதல் 32 கிராம். டெமி-செக் 32 முதல் 50. அதாவது 'டிரை' என்று எழுதியது ப்ரூட்டைவிட இனிப்பு. நிஜமாகவே வறண்டது வேண்டுமானால் ப்ரூட்டோ, அதற்கும் குறைவான எக்ஸ்ட்ரா ப்ரூட்டோ (6 கிராமுக்குள்) வாங்க வேண்டும். இந்த ஒரு பத்தியை மட்டும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால்கூட இக்கட்டுரை பயன்பட்டதாக நினைப்பேன்.

குமிழி எப்படி வந்தது என்பதும் லேபிளில் உண்டு. மேத்தொதோ கிளாஸ்ஸிக்கோ என்றால் ஷாம்பேனைப் போல ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் இரண்டாம் முறை நொதிக்க விட்டது. லொம்பார்தியாவின் ஃப்ரான்ச்சாகோர்த்தா அப்படிச் செய்யப்படுகிறது. பெரிய மூடிய தொட்டியில் நொதிக்க விடுவது மார்த்தினோத்தி முறை. 1895-ல் காப்புரிமை பெற்ற ஃபெதெரீக்கோ மார்த்தினோத்தியின் பெயரில் வந்தது. ப்ரோஸெக்கோ பெரும்பாலும் இந்த முறைதான், பழ வாசனை புதிதாக நிற்கும். ப்ரோஸெக்கோ என்பது 2009 வரை திராட்சையின் பெயராகவும் இருந்தது. அந்த வருடம் அதை இடப்பெயராக மட்டும் ஆக்கி, திராட்சைக்கு க்ளேரா என்ற பெயரைக் கொடுத்தார்கள். ப்ரோஸெக்கோ என்று த்ரியெஸ்த்தே அருகே ஒரு கிராமம் இருப்பது அதற்குக் கைகொடுத்தது. பாருங்கள், மறுபடியும் ஊர்தான்.

குறைவாக ஆல்கஹால் வேண்டுகிறவர்கள் மொஸ்காத்தோ தாஸ்தி என்ற பெயரை நினைவில் வைக்கலாம். இனிப்பு, மெல்லிய சீறல், ஆல்கஹால் 5 சதவீதம் அளவில்தான்.

உலர்த்திய திராட்சை

வெரோனாவுக்கு வடக்கே உள்ள வல்பொலிச்செல்லா குன்றுகளில் ஒரே தோட்டத்துத் திராட்சை நான்கு ஒயினாக மாறுகிறது. இதைப் புரிந்துகொண்டால் ஐந்தாறு சொற்கள் ஒரே மூச்சில் வந்துவிடும், எனக்கு மிகப் பிடித்த பாடமும் இதுதான்.

பறித்த உடனே பிழிந்து நொதிக்க விட்டால் சாதாரண வல்பொலிச்செல்லா. லேசானது, செர்ரிப் பழ வாசனை. கொஞ்சம் குலைகளைத் தனியே எடுத்து, காற்றோட்டமான மாடியில் தட்டுகளில் பரப்பி, குளிர்காலம் வரும்வரை வாடவிடுவார்கள். நீர் வற்றி, சர்க்கரை கூடும். இந்த உலர்த்தலுக்கு அப்பஸ்ஸிமென்த்தோ என்று பெயர். வாடிய பழத்தைப் பிழிந்து, சர்க்கரை முழுதும் ஆல்கஹாலாக மாறுமுன் நிறுத்தினால் கிடைப்பது ரெச்சோத்தோ, அடர்ந்த இனிப்பு. வட்டார மொழியில் ரெச்சே என்றால் காதுகள். குலையின் தோள் பகுதியில் காதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொத்துகள் நன்றாகப் பழுக்கும், அவற்றால் வந்த பெயர்.

நிறுத்தாமல் கடைசிவரை நொதிக்க விட்டால் இனிப்பு போய்விடும், வலிமை வரும். அதுதான் அமரோனே. அமாரோ என்றால் கசப்பு, '-ஒனே' என்ற விகுதி பெரிது என்று சொல்லும். ஆல்கஹால் குறைந்தது 14 சதவீதம், பெரும்பாலும் 15-ஐத் தாண்டும். மொஸ்காத்தோ குடிக்கிற அளவில் இதைக் குடிக்க முடியாது.

அமரோனே வடித்த பின் பாத்திரத்தில் தோலும் விதையும் மிஞ்சும். அவற்றில் இன்னும் சத்து இருக்கிறது. சாதாரண வல்பொலிச்செல்லாவை அதன் மேல் ஊற்றி இன்னொரு முறை நொதிக்க விடுவார்கள். இது ரிபாஸ்ஸோ, 'மறுபடி கடந்தது'. அமரோனேயின் சாயல் கொஞ்சம் விலையில் கிடைக்கும். அமரோனே வாங்கலாமா என்று தயங்குகிறவர்கள் முதலில் ரிபாஸ்ஸோ வாங்கிப் பாருங்கள்.

மற்ற ஊர்களில் உலர்த்திய திராட்சை ஒயினுக்குப் பொதுப்பெயர் பாஸ்ஸீத்தோ. தோஸ்கானாவில் வின் சான்த்தோ, 'புனித ஒயின்'. வருடக்கணக்கில் சின்னப் பீப்பாய்களில் வைத்து எடுப்பார்கள். பாதாம் போட்ட கெட்டி பிஸ்கட்டை அதில் தோய்த்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம்.

யார் செய்தார்கள்?

கான்தீனா என்றால் ஒயின் செய்யும் இடம். கான்தீனா சொச்சாலே என்றால் விவசாயிகளின் கூட்டுறவு, விலை பெரும்பாலும் நியாயமாக இருக்கும். அட்ஸியென்தா அக்ரீக்கொலா என்று இருந்தால் தங்கள் நிலத்துத் திராட்சையில் செய்கிறவர்கள். தெனூத்தா, ஃபத்தொரீயா, பொதேரே எல்லாம் பண்ணையைக் குறிப்பவை. பியெமொன்தேயில் காஷ்ஷீனா, பூல்யாவில் மஸ்ஸெரீயா என்று மாறும். 'இம்பொத்தில்யாத்தோ அல்லொரீஜினே' என்று பின்னால் இருந்தால், செய்தவரே பாட்டிலில் அடைத்தார் என்று பொருள். நான் முதலில் தேடுவது இதைத்தான். 'கொன்தியேனே சொல்ஃபீத்தி' என்றால், ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட் உள்ளது. சட்டப்படி எழுத வேண்டியது, ஏறக்குறைய எல்லாப் பாட்டிலிலும் இருக்கும்.

மேஜையில்

உணவகத்தில் வீனோ தெல்லா காஸா என்றால் வீட்டு ஒயின். ஜாடியில் தருவது ஸ்ஃபூஸோ. கால் லிட்டர் க்வார்தீனோ, அரை லிட்டர் மேட்ஸோ. கண்ணாடிக் கோப்பை அளவு வேண்டுமானால், 'உன் காலிச்சே தி ரொஸ்ஸோ, பேர் ஃபவோரே' என்றால் போதும். வெனிஸில் மட்டும் சின்னக் கோப்பைக்கு ஓம்ப்ரா, 'நிழல்' என்று பெயர். மணிக்கூண்டின் நிழலில் வைத்து விற்றதால் வந்தது என்று சொல்வார்கள்.

பரிமாறுகிறவர் முதலில் உங்களுக்குக் கொஞ்சம் ஊற்றி நிற்பது, பிடித்திருக்கிறதா என்று கேட்க அன்று. ஒயின் கெட்டுப்போயிருக்கிறதா என்று நீங்கள் பார்ப்பதற்கு. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் 'ஸா தி தாப்போ' என்று சொல்லலாம், 'கார்க் அடிக்கிறது' என்று பொருள். தயங்காமல் சொல்லுங்கள், நல்ல இடத்தில் வேறு பாட்டில் திறப்பார்கள்.

சுவையைச் சொல்ல இத்தாலியர்கள் பயன்படுத்தும் சொற்களுக்கு நம் அறுசுவைப் பட்டியலிலேயே இடம் இருக்கிறது. தான்னிக்கோ என்பது துவர்ப்பு: நெல்லிக்காய் கடித்ததும் நாக்கு இழுத்துக்கொள்ளுமே, அது. இளம் பரோலோவில் முதலில் தெரிவது அதுதான். ஃப்ரெஸ்கோ என்று ஒயினைச் சொன்னால் குளிர்ச்சி என்று எடுக்காதீர்கள், வாயில் நீர் ஊறவைக்கும் புளிப்பைச் சொல்கிறார்கள். ஸாபிதோ, உப்புக் கரிப்பின் சாயல். கடலோர வெள்ளை ஒயின்களுக்கு அடிக்கடி சொல்வது. அமரோஞ்ஞொலோ, கடைசியில் வரும் மெல்லிய கசப்பு, பாகற்காய் அளவுக்கு இல்லை, பாதாம் தோல் அளவுக்கு. இவற்றோடு மோர்பிதோ (மெத்தென்றது), கொர்போஸோ (கனமானது) இரண்டையும் சேர்த்துக்கொண்டால் கடைக்காரரோடு பேசலாம். 'துவர்ப்பு குறைவாக, புளிப்பு தூக்கலாக' என்று கேட்டால் அவருக்கு உங்களை உடனே புரியும்.

இப்போது ஒரு நீளமான லேபிளை எடுப்போம்: வெர்தீக்கியோ தேய் காஸ்தெல்லி தி யேஸி கிளாஸ்ஸிக்கோ சுபெரியோரே டிஓசி. 'தேய்' என்பதும் 'தி'யின் உருவம்தான். அதற்கு முன்னால் நிற்கும் வெர்தீக்கியோ, திராட்சை. வெர்தே என்றால் பச்சை, ஒயினின் நிறத்திலும் அந்தச் சாயல் தெரியும். பின்னால் வருவது இடம்: யேஸி ஊரைச் சுற்றியுள்ள கோட்டைக் கிராமங்கள், மார்க்கே மாநிலம். கிளாஸ்ஸிக்கோ, அந்தக் கிராமங்களின் பழைய மூலப் பகுதி. சுபெரியோரே, செறிவு கூடியது. ரிஸேர்வா இல்லை, எனவே நெடுங்காலம் வைத்தது அன்று. இனிப்பைப் பற்றி எதுவும் எழுதவில்லை, எனவே செக்கோ. குமிழியைப் பற்றியும் எழுதவில்லை, எனவே ஃபெர்மோ. முடிவில் பாதாம் தோலின் அமரோஞ்ஞொலோ வரும். குளிரவைத்து, மீனோடு திறக்கலாம்.